மிச்சமாகிப்போன எஸ்எஸ்டிகளை வீட்டு மீடியா சர்வரில் பொருத்தியது: எதை எங்கே வைத்தேன், ஏன்

கணினியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டில்லாத சேமிப்பு டிரைவ், மிச்சமாகிறது. லேப்டாப்பில் பெரியதைப் போட்டால் சின்னது வெளியே வரும். பழைய கணினி ஓய்வு பெற்றால் அதற்குள் இருந்தது கையில் நிற்கும். அப்படி என்னிடம் சேர்ந்தவை ஐந்து: 250 ஜிபி சாம்சங் இரண்டு (850 எவோ ஒன்று, 860 எவோ ஒன்று), 500 ஜிபி குரூஷியல் எம்எக்ஸ்500 ஒன்று, ஒரு 120 ஜிபி, அப்புறம் லேப்டாப்பிலிருந்து கழற்றிய 256 ஜிபி எம்.2 என்விஎம்இ (மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சின்ன அட்டை வகை) ஒன்று. இன்னொரு பக்கம் வீட்டு மீடியா சர்வர். டெபியன் லினக்ஸ் இயங்குதளம், படங்களை டிவிக்கும் ஃபோனுக்கும் அனுப்பும் ஜெல்லிஃபின் மென்பொருள், 16 ஜிபி ரேம், மூன்று பெரிய ஹார்ட் டிஸ்குகள். யாரும் படம் பார்க்காத நேரத்திலும் அந்த மூன்றும் சுற்றிக்கொண்டே இருந்தன. ஐந்து எஸ்எஸ்டிகளுக்கும் அதற்குள் வேலை பிரித்துக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படக் கோப்புகளை எஸ்எஸ்டியில் நிரந்தரமாகக் குடிவைப்பதால் ஓட்டத்தில் எந்த வேகமும் கூடாது. 4கே புளூ-ரே தட்டிலிருந்து அப்படியே எடுத்த கோப்பு நொடிக்கு 100 மெகாபிட் கேட்கிறது என்று வையுங்கள். பைட்டில் அது 12.5 எம்பிதான். சாதாரண 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒரே கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 150 எம்பிக்கு மேல் கொடுக்கும். கிகாபிட் நெட்வொர்க்கே 110 எம்பி பக்கம் போய் நின்றுவிடும். அதனால் படம் ஓடுவதில் ஹார்ட் டிஸ்க் எங்கேயும் பின்தங்குவதில்லை. ஒரு ஜிபிக்கு ஆகும் செலவிலோ அது எஸ்எஸ்டியைவிட வெகு மலிவு.

ஹார்ட் டிஸ்க் திணறும் இடம் வேறு. டிவியில் ஜெல்லிஃபினைத் திறந்து படப் பட்டியலை வேகமாகக் கீழே தள்ளிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான போஸ்டர்கள், ஒவ்வொன்றும் டிஸ்கின் ஒவ்வொரு மூலையில் கிடக்கும் சின்னக் கோப்பு. நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் டிஸ்கில் ஒரு முழுச் சுற்றுக்கு 8.3 மில்லிநொடி, வேண்டிய இடம் படிக்கும் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அதில் பாதி. தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு கோப்புக்கு 12 மில்லிநொடி பக்கம் ஆகிறது. 500 போஸ்டருக்கு 6 நொடி. எஸ்எஸ்டியில் இதே வேலைக்குக் கோப்பு ஒன்றுக்கு 0.1 மில்லிநொடி; 500-ம் கண் இமைப்பதற்குள் வந்துவிடும். தரவுத்தளம், தேடல், வசன வரிகள், ஓட்டிப் பார்க்கும்போது தெரியும் குட்டிப் படங்கள் எல்லாமே இந்த வகைதான்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை வேகம்கூட இரண்டாவது லாபம்தான். படத்தைச் சுற்றியுள்ள இந்தச் சின்னச் சின்ன விஷயங்களெல்லாம் எஸ்எஸ்டிக்குப் போய்விட்டால், ஹார்ட் டிஸ்குகளை எழுப்ப யாரும் இருக்க மாட்டார்கள். சுற்றிக்கொண்டு சும்மா இருக்கும் 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுமார் 5 வாட் எடுக்கும். தூங்கினால் 1 வாட்டுக்கும் கீழே. மூன்று டிஸ்குகள் நாளில் 20 மணி நேரம் தூங்கினால் கிட்டத்தட்ட கால் யூனிட் மின்சாரம் மிச்சம். சத்தம், சூடு குறைவது தனி. ஆகவே "டிஸ்குகள் தூங்க வேண்டும்" என்பதையே இலக்காக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தேன்.

முதலில் உடல் பரிசோதனை

பழைய எஸ்எஸ்டியை எடுத்தவுடன் மாட்டிவிடக் கூடாது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பில் வரும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் ஒவ்வொன்றும் தன் உடல்நிலையைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தையும் எடுத்து வரிவரியாகப் பார்த்தேன். மணி நேரக் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. எஸ்எஸ்டிக்கு வயது என்பது எவ்வளவு எழுதப்பட்டது என்பதுதான்.

850 எவோவின் கணக்கைக் காட்டுகிறேன். அதில் 241-ஆம் வரி, இதுவரை எழுதப்பட்ட எல்பிஏக்களின் (சின்னத் தரவுத் துண்டுகளின்) மொத்தம். அங்கே இருந்த எண் 3,906 கோடி. ஒரு எல்பிஏ 512 பைட். பெருக்கினால் 20 டிபி (டெராபைட்). 250 ஜிபி 850 எவோவுக்கு நிறுவனம் உத்தரவாதம் தரும், எழுதக்கூடிய மொத்த அளவு 75 டிபி. ஆக, கால் பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் தேய்ந்திருக்கிறது. 860 எவோவில் அதே 250 ஜிபிக்கு 150 டிபி வரை சொல்கிறார்கள். அது இன்னும் இளசு. குரூஷியலில் எழுதிய அளவின் கணக்கு 246-ஆம் வரியில் இருக்கும். மிச்ச ஆயுளைச் சதவீதமாக 202-ஆம் வரி நேராகவே சொல்லிவிடும். 500 ஜிபி எம்எக்ஸ்500-க்கு 180 டிபி. என்விஎம்இ வகையில் இந்த வரி எண்களெல்லாம் கிடையாது. "பர்சென்டேஜ் யூஸ்ட்" என்று ஒரே வரியில் தேய்மானம் வந்துவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது 5-ஆம் வரி, அதாவது கெட்டுப்போய் மாற்றிவைக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. அப்புறம் 187, சரிசெய்ய முடியாத படிப்புப் பிழைகள். 187-இல் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்தால் அந்த எஸ்எஸ்டியை நான் தரவுப் பக்கமே விட மாட்டேன். என்னிடம் இருந்த 120 ஜிபியில் 187 பூஜ்யம், ஆனால் 5-ஆம் வரியில் 8 என்று நின்றது. முழு எஸ்எஸ்டியையும் ஒருமுறை எழுதி நிரப்பினேன். திரும்பப் படித்தேன். நீண்ட சுயபரிசோதனையும் ஓட்டினேன். 8 என்ற எண் அசையவில்லை. ஏறிக்கொண்டே போகும் எண்தான் ஆபத்து. நின்றுவிட்ட எண்ணோடு வாழலாம். ஆனாலும் அதில் தொலைந்தால் கவலைப்படாத விஷயத்தை மட்டும்தான் வைப்பது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

199-ஆம் வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது சிஆர்சி பிழை. எஸ்எஸ்டிக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தரவு கெட்டுப்போய் மறுபடி அனுப்பப்பட்ட எண்ணிக்கை. 860 எவோவில் இது 40-க்கு மேல் இருந்தது. பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது மேலும் ஏறியது. பார்த்ததும் எஸ்எஸ்டி போச்சு என்றுதான் தோன்றும். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி, டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான். கேபிளை மாற்றி அதே கோப்பை மறுபடி நகலெடுத்தேன். எண் அப்படியே நின்றது. இந்த எண்ணிக்கை எந்நாளும் பூஜ்யத்துக்குத் திரும்பாது, அதனால் பழைய எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு ஏறுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். நல்ல எஸ்எஸ்டிகள் பல இந்த ஒரு வரியால் குப்பைக்குப் போகின்றன என்பது எனக்கு வருத்தமான விஷயம்.

பரிசோதனை முடிந்ததும் ஒவ்வொன்றையும் பிஎல்கேடிஸ்கார்ட் கட்டளையால் முழுக்கத் துடைத்தேன். இதில் வேண்டிய தரவு ஏதும் இல்லை என்று உறுதியானபின் செய்ய வேண்டிய வேலை. ஒரு நொடியில் எல்லாம் போய்விடும். வேண்டாத பகுதிகளை எஸ்எஸ்டிக்குச் சொல்லாமல் வெறுமனே ஃபார்மட் செய்தால் போதாதா என்றால், போதாது. எஸ்எஸ்டியின் ஃபிளாஷில் எழுதுவது பக்கம் பக்கமாக, அழிப்பது பல பக்கங்கள் சேர்ந்த பெரிய கட்டமாக. எந்தப் பகுதி இனி வேண்டாம் என்று யாராவது சொன்னால்தான் எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப் அதை முன்கூட்டியே காலி செய்து வைக்க முடியும். பழைய லேப்டாப்பின் குப்பையைச் சுமந்துகொண்டிருக்கும் எஸ்எஸ்டி, தான் நிரம்பியிருப்பதாகவே நினைத்துக்கொண்டு ஒவ்வொரு முறை எழுதும்போதும் பழையதை இடம் மாற்றிக்கொண்டிருக்கும். மொத்தமாகத் துடைத்தால் வேகம் மீளும், இனிமேலான தேய்மானமும் குறையும்.

இந்த வேலையை யுஎஸ்பி பெட்டியில் போட்டுச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இனி வேண்டாத பகுதியை எஸ்எஸ்டிக்குச் சொல்லும் ட்ரிம் கட்டளையை எல்லாப் பெட்டிகளும் கடத்துவதில்லை. எல்எஸ்பிஎல்கே கட்டளையை டிஸ்கார்ட் விருப்பத்தோடு ஓட்டினால் அந்த எஸ்எஸ்டிக்கு நேரே பூஜ்யம் தெரிந்தால் கடத்தவில்லை என்று அர்த்தம். நேராக மதர்போர்டில் மாட்டிச் செய்வதே நிம்மதி.

பொருத்தியது

2.5 அங்குல எஸ்எஸ்டிக்குள் அசையும் பாகம் எதுவும் இல்லை, 5 வோல்ட் மட்டும் போதும், அதிர்வு கிடையாது. அதனால் தனித் தட்டு தேடி அலைய வேண்டியதில்லை; இரண்டை கேபினட்டின் பக்கச் சுவரில் வெல்க்ரோ போட்டு ஒட்டினேன். மின்சாரப் பிரிப்புக் கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி வார்த்த பழைய மோலெக்ஸ்-சாட்டா மாற்றிகளில் உள்ளே கம்பிகள் நெருங்கி ஷார்ட் ஆகித் தீப்பிடிப்பதுண்டு. ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகக் கவ்விப் பிடிக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும்.

போர்ட் எண்ணிக்கையும் கவனிக்க வேண்டியது. பல மதர்போர்டுகளில் எம்.2 இடத்தில் ஒன்றை மாட்டினால் சாட்டா போர்ட் ஒன்றோ இரண்டோ செத்துவிடும். கையேட்டில் எந்த வகை எம்.2 எந்த போர்ட்டை அணைக்கும் என்று அட்டவணையே இருக்கும். என் போர்டில் சாட்டா வகை எம்.2 போட்டால்தான் ஒரு போர்ட் போகும், என்விஎம்இ போட்டால் போகாது. ஆறு சாட்டா போர்ட்டில் மூன்று ஹார்ட் டிஸ்க், மூன்று எஸ்எஸ்டி. 120 ஜிபிக்கு மட்டும் கூடுதல் சாட்டா போர்ட் தரும், ஏஎஸ்எம்1166 சிப் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை ஒன்று.

என்விஎம்இயில் இயங்குதளத்தை மட்டும் வைத்தேன். அது போனால் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். அமைப்புக் கோப்புகளின் நகல் வேறிடத்தில் இருக்கிறது. அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்று எஸ்எஸ்டி, இரண்டு நகல்

முக்கியமான வேலை இந்த மூன்றில்: 250, 250, 500. எஸ்எஸ்டி சாகும்போது பெரும்பாலும் சொல்லிக்கொண்டு சாவதில்லை. ஹார்ட் டிஸ்காவது கரகரவென்று சத்தம் போடும். எஸ்எஸ்டி ஒரு நாள் காலையில் பட்டியலிலேயே இருக்காது. அதிலும் இவை பழையவை. ஆகவே தொலையக் கூடாத எதையும் ஒற்றை எஸ்எஸ்டியில் வைக்க நான் தயாராக இல்லை.

வேறு வேறு அளவில் உள்ளவற்றை வைத்து ரெய்டு 1, அதாவது எல்லாவற்றையும் இரண்டு டிரைவில் எழுதும் முறை, செய்வதற்கு பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை மிகவும் பொருத்தம். வழக்கமான ரெய்டு 1 முழு டிரைவை முழு டிரைவோடு ஜோடி சேர்க்கும். பிடிஆர்எஃப்எஸ்ஸோ ஒவ்வொரு 1 ஜிபித் துண்டுக்கும் தனித்தனியாக இரண்டு வெவ்வேறு டிரைவைத் தேர்ந்தெடுக்கும். எனவே 500-இல் ஒரு நகல், மற்ற நகல் இந்த 250-இலோ அந்த 250-இலோ. மொத்தம் 500 ஜிபி கிடைக்கிறது, ஒரு ஜிபியும் வீணாகவில்லை. இதற்கு ஒரே நிபந்தனை, பெரிய டிரைவ் மற்றவற்றின் கூட்டுத்தொகையைத் தாண்டக் கூடாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. 500 ஜிபி டிரைவ் போய்விட்டால் மிச்சம் இருப்பது இரண்டு 250. எல்லாத் துண்டுக்கும் ஒரு நகல் அவற்றில் இருக்கும், தரவு பத்திரம். ஆனால் அந்த இரண்டுக்குள்ளேயே மறுபடி இரட்டை நகலாக்க வேண்டுமென்றால் தரவு 250 ஜிபிக்குள் இருந்தாக வேண்டும். நான் எப்போதும் 230 ஜிபியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். பெரியது போனாலும் புது டிரைவ் வரும்வரை காத்திருக்காமல் இரண்டிலேயே சமநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். இடம் காலியாகக் கிடப்பதால் கன்ட்ரோலர்களுக்கும் மூச்சுவிட வசதி.

டிரைவை இயங்குதளத்தோடு இணைக்கும், அதாவது மவுண்ட் செய்யும் வரியில், இணையாவிட்டாலும் நிற்காமல் தொடரச் சொல்லும் நோஃபெயில் சேர்ப்பது அவசியம். பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஒரு டிரைவ் காணாமல் போனால், "டிகிரேடட்" என்று நாமே சொன்னால் ஒழிய அது மவுண்ட் ஆகாது. நோஃபெயில் இல்லாவிட்டால் சர்வரே பாதியில் நின்றுவிடும். டிகிரேடட் என்பதை நிரந்தரமாக எழுதி வைக்கும் யோசனை வேண்டாம்; டிரைவ் போனது தெரியாமலேயே ஒற்றை நகலில் ஓடிக்கொண்டிருக்கும்.

தரவுத்தளக் கோப்புகளுக்கு பிடிஆர்எஃப்எஸ்ஸின் காப்பி-ஆன்-ரைட் முறையை (மாற்றத்தைப் பழையதன் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதுவது) அணைத்துவிடும்படி ஒரு பொது அறிவுரை உண்டு. ஹார்ட் டிஸ்கில் அது நியாயம். எழுத எழுதக் கோப்பு துண்டு துண்டாகிவிடும். எஸ்எஸ்டியில் துண்டானால் பெரிய பாதிப்பு இல்லை. ஆனால் அதை அணைத்தால், தரவு கெட்டதா என்று சரிபார்க்க உதவும் செக்சம்மும் சேர்ந்து போய்விடும். அப்புறம் இரண்டு நகலில் எது சரி என்று பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கே தெரியாது. பழைய எஸ்எஸ்டிகளை நம்பி இறங்கும்போது இழக்கக் கூடாத ஒன்று இருந்தால் அது செக்சம்தான். நான் தொடவில்லை.

ஜெல்லிஃபினைக் குடிபெயர்த்தது

ஜெல்லிஃபினின் உடைமைகள் வார் கோப்புறையின் கீழ் லிப்-க்குள் ஒரு கோப்புறையிலும், கேஷுக்குள் ஒரு கோப்புறையிலும் இருக்கும். முதலில் சேவையை நிறுத்த வேண்டும். எஸ்கியூலைட் தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால் பாதி எழுதிய நிலை வந்து சேரும். நிறுத்தியபின் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு கோப்பு உரிமைகளோடு நகலெடுத்தேன். அப்புறம் அமைப்பில் பாதையை மாற்றாமல், பழைய பாதையில் போனாலே புதிய இடம் திறக்கும்படி, அதன் மேலேயே பைண்ட் மவுண்ட் செய்தேன். தரவுத்தளத்துக்குள் போஸ்டர்களின் முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கும். பாதை மாறினால் எல்லாவற்றையும் அது மறுபடி தேட வேண்டி வரும். பைண்ட் மவுண்டில் ஜெல்லிஃபினுக்கு வீடு மாறியதே தெரியாது.

ஓட்டிப் பார்க்கும் குட்டிப் படங்களை இதற்கப்புறம்தான் இயக்கினேன். இயல்பு அமைப்பில் 10 நொடிக்கு ஒரு படம். 2 மணி நேரப் படத்துக்கு 720. அவற்றைப் பத்துக்குப் பத்தாகச் சேர்த்து 8 பெரிய படங்களாக வைத்துக்கொள்ளும். முதல்முறை உருவாக்கும்போது எல்லாப் படத்தையும் முழுதாகப் படிக்க வேண்டியிருப்பதால் ஹார்ட் டிஸ்குகளுக்கும் செயலிக்கும் கடும் வேலை. ஆனால் ஒரு படத்துக்கு ஒருமுறைதான்.

120 ஜிபிக்கு ஏற்ற வேலை

டிரான்ஸ்கோடிங். டிவியோ ஃபோனோ ஏற்காத வடிவத்தில் படம் இருந்தால் ஜெல்லிஃபின் அதை மாற்றித் துண்டு துண்டாக எழுதிக்கொண்டே அனுப்பும். அந்தத் துண்டுகள் பார்த்து முடித்ததும் குப்பை. எஸ்எஸ்டி செத்தாலும் ஒருவரின் படம் பாதியில் நிற்கும், அவ்வளவுதான். பழுது லேசாக எட்டிப்பார்த்த எஸ்எஸ்டிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை.

"ரேமிலேயே டிரான்ஸ்கோட் செய்யலாமே, எஸ்எஸ்டி தேய்ந்துவிடுமே" என்று அடிக்கடி காதில் விழுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 8 மெகாபிட் வீதம் 2 மணி நேரப் படம் என்றால் 7.2 ஜிபி. ரேமில் வைக்கும் டிஎம்பிஎஃப்எஸ், இயல்பில் ரேமில் பாதிவரைதான் போகும். எனக்கு 8 ஜிபி. ஒரே நேரத்தில் இருவர் பார்த்தால் நிரம்பி இருவருக்கும் நின்றுவிடும். எஸ்எஸ்டியில் தினமும் இரண்டு படம் முழுக்க டிரான்ஸ்கோட் ஆனாலும் ஆண்டுக்கு 5.3 டிபிக்குள். இந்த 120 ஜிபிக்கு நிறுவனம் சொல்லும் அளவு 40 டிபி, எழுதியாகிவிட்டது 11. மிச்சம் 5 ஆண்டுக்கு மேல் தாங்கும். நிஜத்தில் பெரும்பாலான படங்கள் மாற்றமில்லாமல் நேராகவே ஓடுவதால் எழுதப்படுவது இதில் ஒரு சிறு பங்குதான். அமைப்பில் பார்த்து முடித்த துண்டுகளை நீக்கும் வசதியும், பார்ப்பவரைவிட வெகுதூரம் முன்னே போகாமல் நிறுத்தி வைக்கும் வசதியும் இருக்கின்றன. இரண்டையும் இயக்கிவிட்டேன். நேரலை டிவியைப் பதிவு செய்பவர்கள், நிறுத்திப் பின்னோக்கிப் பார்க்க உதவும் இடையகத்தையும் இங்கேயே வைக்கலாம்; நாள் முழுக்க எழுதி எழுதி அழிக்கும் அந்த வேலை ஹார்ட் டிஸ்கைத் தூங்கவே விடாது.

இந்த எஸ்எஸ்டியில் 90 ஜிபிக்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டு மிச்சத்தைத் தொடாமல் விட்டிருக்கிறேன். துடைத்தபின் தொடப்படாத இடம் கன்ட்ரோலருக்கு உபரி. தனி நினைவக சிப் (டிரேம்) இல்லாத மலிவான எஸ்எஸ்டிகளில் இது நன்றாகவே உதவும்.

புதிய படம் முதலில் எஸ்எஸ்டிக்கு

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். புதிதாக வந்த படமோ தொடரோ, வந்த முதல் வாரத்தில்தான் அதிகம் பார்க்கப்படுகிறது. வீட்டில் எடுத்த வீடியோவும் அப்படித்தான். எடுத்த சில நாள்களுக்கு எல்லோரும் பார்ப்பார்கள், அப்புறம் எப்போதாவது. ஆகவே புதியது எல்லாம் முதலில் எஸ்எஸ்டி ரெய்டில் இறங்கி, ஒரு வாரம் அங்கே இருந்துவிட்டு, அப்புறம் ஹார்ட் டிஸ்குக்குப் போனால், பெரும்பாலான மாலைகளில் ஹார்ட் டிஸ்குகள் எழும்பவே தேவையிருக்காது.

இதை மெர்ஜர்எஃப்எஸ் கொண்டு செய்தேன். பல டிரைவ்களின் கோப்புறைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே கோப்புறையாகக் காட்டும் மென்பொருள் அது. இரண்டு தொகுப்பு. ஒன்றில் எஸ்எஸ்டியின் இறங்குதளம் முதலாவதாக, அதன் பின்னால் மூன்று ஹார்ட் டிஸ்க். இன்னொன்றில் ஹார்ட் டிஸ்குகள் மட்டும். ஜெல்லிஃபினுக்கு முதல் தொகுப்பு மட்டும்தான் தெரியும். கோப்பு உருவாக்கும் விதியை எஃப்எஃப் என்று வைத்தால், பட்டியலில் முதலாவதாக இடம் இருக்கும் கிளையில் (தொகுப்பில் சேர்ந்த ஒரு டிரைவில்) போய் எழுதும், அது எஸ்எஸ்டி. எஸ்எஸ்டி கிளைக்கு மட்டும் குறைந்தபட்சக் காலியிடம் 270 ஜிபி என்று கொடுத்துவிட்டேன். அதைத் தொட்டதும் புதியவை தாமாகவே ஹார்ட் டிஸ்குக்குப் போகும். மேலே சொன்ன 230 ஜிபி எல்லையும் அதோடு காக்கப்பட்டுவிடும்.

நள்ளிரவுக்குப் பின் ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று, 7 நாளுக்கு மேல் பழையதான கோப்புகளைத் தேடி ஆர்சிங்க் மூலம் இரண்டாவது தொகுப்புக்கு நகர்த்துகிறது. முதல் தொகுப்பு வழியாகப் பார்க்கும் ஜெல்லிஃபினுக்குக் கோப்பின் பாதை மாறுவதே இல்லை. எதுவரை பார்த்தோம் என்ற குறிப்பும் போகாது. எழுதும் இடம் முதல் தொகுப்பாகவும், நகர்த்தும் இடம் இரண்டாவதாகவும் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஒரே தொகுப்புக்குள் நகர்த்தினால் கோப்பு தன் மேலேயே தன்னை எழுதிக்கொள்ளும் நிலை வரும்.

அடிக்கடி படிப்பதை எஸ்எஸ்டியில் தாமாகவே நகல் வைத்துக்கொள்ளும் பிகேஷ், இசட்எஃப்எஸ் போன்றவற்றின் கேஷ் வசதிகளை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கலாம். கேஷ் என்பது திரும்பத் திரும்பப் படிப்பதற்கு. படமோ ஒருமுறை, தொடர்ச்சியாக, முதலிலிருந்து கடைசிவரை. லினக்ஸ் கெர்னலில் 3.10 பதிப்பிலிருந்து இருக்கும் பிகேஷ், 4 எம்பிக்கு மேல் தொடர்ச்சியாகப் படிப்பது எதையும் இயல்பு அமைப்பில் கேஷைத் தாண்டியே அனுப்பிவிடுகிறது. படத்துக்கு அதில் வேலையே இல்லை. இசட்எஃப்எஸ் வைத்திருப்பவர்கள் உபரி எஸ்எஸ்டியை அதன் படிப்புக் கேஷான எல்2ஆர்க்காகத் தாராளமாகப் போடலாம், போனாலும் ஒன்றும் இழப்பில்லை. ஆனால் ஒற்றைப் பழைய எஸ்எஸ்டியை, கோப்புகளின் விவரங்களைத் தாங்கும் "ஸ்பெஷல்" விடெவ் ஆக மட்டும் சேர்க்க வேண்டாம். அது போனால் அந்தப் பூல் (டிஸ்குத் தொகுப்பு) முழுவதும் போய்விடும்.

யார் எழுப்புகிறார்கள்

எல்லாம் மாற்றியும் டிஸ்குகள் தூங்கவில்லை. எச்டிபார்ம் கட்டளையில் பெரிய எஸ் விருப்பத்துக்கு 242 கொடுத்தால் 1 மணி நேரம் சும்மா இருந்தபின் டிஸ்க் நின்றுவிட வேண்டும். அதே கட்டளையின் பெரிய சி விருப்பம், டிஸ்கை எழுப்பாமலேயே நிலையைச் சொல்லும். எப்போது பார்த்தாலும் "ஆக்டிவ்" என்றே வந்தது. ஃபாட்ரேஸ் என்ற கருவியை ஓட விட்டேன். எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று அது வரிவரியாகக் காட்டும்.

முதலில் சிக்கியது ஜெல்லிஃபின்தான். நூலக அமைப்பில் போஸ்டர்களைப் படக் கோப்புறையிலேயே சேமிக்கும் தேர்வு இயங்கிக்கொண்டிருந்தது. எஸ்எஸ்டியில் எவ்வளவு இடம் கொடுத்தும் போஸ்டர்கள் ஹார்ட் டிஸ்கிலிருந்தே வந்துகொண்டிருந்தன. அணைத்துவிட்டு போஸ்டர்களை மறுபடி எடுக்கச் சொன்னேன். அடுத்தது ஸ்மார்ட்டி என்னும் கண்காணிப்புச் சேவை. இயல்பில் அரை மணிக்கு ஒருமுறை எல்லா டிஸ்கையும் விசாரிக்கும். தூங்கும் டிஸ்கை விட்டுவிடும்படி அதன் அமைப்பில் "ஸ்டாண்ட்பை" விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். மூன்றாவது, கோப்புப் பெயர்களைத் தேட உதவும் அப்டேட்டிபி. தினமும் எல்லாக் கோப்புறையிலும் நுழைந்து வரும். விலக்குப் பட்டியலில் ஹார்ட் டிஸ்குகளைச் சேர்த்தேன். நூலகத்தை ஸ்கேன் செய்யும் வேலையை இரவில், நகர்த்தும் ஸ்கிரிப்ட் முடிந்த கையோடு ஓடும்படி வைத்தேன். எப்படியும் அப்போது டிஸ்குகள் விழித்திருக்கும்.

தவிர்க்க முடியாதது ஒன்று மிச்சம் உண்டு. மெர்ஜர்எஃப்எஸ் தொகுப்பை நெட்வொர்க்கில் பகிர்ந்து யாராவது கோப்பு மேலாளரில் கோப்புறைகளைத் திறந்தால், எல்லாக் கிளையையும் அது பார்த்தாக வேண்டும். மூன்று டிஸ்கும் எழும்பும். ஜெல்லிஃபின் வழியாகப் போனால் இந்தச் சிக்கல் இல்லை. பட்டியல் தரவுத்தளத்திலிருந்து வருகிறது; கோப்பைத் தேடும்போது மெர்ஜர்எஃப்எஸ் முதல் கிளையான எஸ்எஸ்டியைத்தான் முதலில் பார்க்கும், அங்கேயே கிடைத்தால் மற்றவற்றைத் தட்டாது. பழைய படத்தைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்க் சுழன்று வேகம் பிடிக்கும்வரை ஓரிரு மூச்சு நேரம் காத்திருக்க வேண்டும். அதுவும் அந்தப் படம் இருக்கும் ஒரு டிஸ்க் மட்டும். தூங்க வைக்கும் நேரத்தை 10 நிமிடம் என்றெல்லாம் குறைக்க வேண்டாம். நிறுத்தி நிறுத்திக் கிளப்புவதும் ஹார்ட் டிஸ்குக்குத் தேய்மானம்தான்.

தொடர் பராமரிப்பு

வாரம் ஒருமுறை ட்ரிம், லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியில் எஃப்எஸ்ட்ரிம் டைமராக ஏற்கெனவே இருக்கிறது. இயங்குகிறதா என்று பார்த்தால் போதும். ட்ரிம்மைத் தொடர்ச்சியாக நடத்தும் மவுண்ட் விருப்பம் எனக்குத் தேவைப்படவில்லை. மாதம் ஒருமுறை பிடிஆர்எஃப்எஸ் ஸ்கிரப். எல்லாத் தரவையும் படித்து செக்சம்மோடு ஒப்பிட்டு, ஒரு நகல் கெட்டிருந்தால் மற்றதிலிருந்து சரிசெய்துவிடும். ரெய்டு பேக்கப் ஆகாது என்பதால், ஜெல்லிஃபினின் தரவுத்தளம் வாரம் ஒருமுறை ஹார்ட் டிஸ்குக்கு நகலாகிறது. வீட்டு வீடியோக்கள் இந்த சர்வருக்கு வெளியேயும் ஒரு நகலாக இருக்கின்றன. தட்டிலிருந்து எடுத்த படங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம், தட்டு இருக்கிறது.

மிச்சமான எஸ்எஸ்டியை பேக்கப் எடுத்து அலமாரியில் வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். ஃபிளாஷ் செல்லில் தரவு என்பது அடைபட்ட மின்னூட்டம்; மின்சாரம் இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும். ஆயுள் அளவு முழுக்கத் தேய்ந்த வீட்டு உபயோக எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் தர அமைப்பின் அளவுகோல். தேயாதது அதைவிட வெகுகாலம் தாங்கும், சூடான இடத்தில் கால அளவு குறையும். அலமாரி பேக்கப்புக்கு ஹார்ட் டிஸ்க்தான் சரி. எஸ்எஸ்டி எப்போதும் மின்சாரத்தோடு ஓடிக்கொண்டிருக்கட்டும்.

இப்போது மாலையில் எச்டிபார்மில் கேட்டால் மூன்று டிஸ்கில் குறைந்தது இரண்டுக்கு "ஸ்டாண்ட்பை" என்று வருகிறது, பல நாள் மூன்றுமே. அடுத்து, டிஸ்க் ஒன்று போனால் அதன் தரவை மீட்க உதவும் ஸ்னாப்ரெய்டு சேர்க்கப் போகிறேன். எந்தக் கோப்பு எங்கே என்று அது குறித்து வைக்கும் கன்டென்ட் கோப்புகளில் ஒன்றை எஸ்எஸ்டி ரெய்டில் வைத்து, ஒத்திசைவை நகர்த்தும் ஸ்கிரிப்டுக்கு அடுத்த வரியாக எழுதிவிட்டால், டிஸ்குகளை எழுப்பும் வேலைகள் எல்லாம் இரவில் அந்த ஒரே நேரத்துக்குள் அடங்கிவிடும்.